கென்யாவின் தகரப் பள்ளியும் உலக வங்கியின் பங்கும்: வாசகர் கேள்விகள்

கென்யாவின் பிரிட்ஜ் பள்ளிகள் மாதிரி ஏழை நாடுகளின் தனியார் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் உலக வங்கிக் குழுமம் பங்கு வாங்குகிறது என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

உலக வங்கி அரசாங்கங்களுக்குத்தானே கடன் கொடுக்கும்? பள்ளிக்கூட முதலாளிக்கு எப்படிக் கொடுக்கும்? புரியும்படி சொல்லுங்கள் சார்.
— வாசகர், திண்டுக்கல்

நாம் உலக வங்கி என்று மொத்தமாகச் சொல்வதற்குள் பல அமைப்புகள் இருக்கின்றன. அரசுகளுக்குக் கடன் கொடுப்பது ஒரு பிரிவு. தனியார் கம்பெனிகளுக்கென்றே 1956இல் தொடங்கியது இன்னொன்று, சர்வதேச நிதிக் கழகம், சுருக்கமாக ஐஎஃப்சி. இது கடனும் கொடுக்கும், கம்பெனியில் பங்கும் வாங்கும், லாபம் வந்தால் எடுத்துக்கொள்ளும், சில வருடம் கழித்துப் பங்கை விற்றுவிட்டுக் கிளம்பும். ஆனால் இதன் சொந்தக்காரர்கள் உறுப்பு நாடுகளின் அரசுகள். இந்தியா ஆரம்பத்திலிருந்தே உறுப்பினர், ஆகவே துளி அளவுக்கு உங்கள் வரியும் என் வரியும் அதில் இருக்கிறது. பிரிட்டன் அரசுக்கு இதே மாதிரி ஒன்று உண்டு. 1948இல் சிடிசி என்று தொடங்கி, 2022 முதல் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் இன்வெஸ்ட்மென்ட் என்ற பெயரில் நடக்கிறது. பிரான்சுக்கு புரோபார்கோ, ஜெர்மனிக்கு டிஇஜி.

இவர்களின் வாதம் எளிமையானது. ஏழை நாடுகளின் அரசுகளிடம் பணம் இல்லை, தேவையோ மலையளவு, நாம் கொஞ்சம் பொதுப்பணத்தை முன்னால் வைத்தால் தனியார் பணம் தைரியமாகப் பின்னால் வரும். 2015இல் அடிஸ் அபாபாவில் நடந்த ஐ.நா. மாநாட்டையொட்டி 'பில்லியன்களை டிரில்லியன்களாக்குவோம்' என்பது கிட்டத்தட்ட மந்திரமாகவே ஆகிவிட்டது. மின்சாரம், துறைமுகம், செல்போன் கோபுரம் என்றால் இந்தக் கணக்கில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதே கணக்கை ஒண்ணாங்கிளாஸுக்கும் பிரசவ வார்டுக்கும் கொண்டுபோனதில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

பிரிட்ஜ் பள்ளிகள் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அப்படி அதில் என்ன விசேஷம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

டீச்சர், உங்களுக்குக் கோபம் வரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிரிட்ஜ் இன்டர்நேஷனல் அகாடமிஸ் என்ற கம்பெனியை அமெரிக்கர்கள் சிலர் தொடங்கினார்கள். முதல் பள்ளி 2009இல் கென்யத் தலைநகர் நைரோபியின் முகுரு குடிசைப்பகுதியில் திறந்தது. மரச்சட்டத்தில் அடித்த தகரச் சுவர், தகரக் கூரை, ஜன்னலுக்குக் கம்பி வலை, பச்சை நிறத்தில் சீருடை. எல்லா ஊரிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி, செலவைக் குறைக்க. கட்டணம் மாதத்துக்குச் சுமார் 6 டாலர் என்று கம்பெனி சொன்னது. மதியச் சாப்பாடு, சீருடை என்று சேர்த்தால் அதற்கு மேல் போகும் என்றார்கள் பெற்றோர்கள். பணத்தைப் பள்ளியில் கையில் வாங்க மாட்டார்கள். அம்மா எம்-பெசா மூலம் செல்போனிலிருந்து அனுப்ப வேண்டும். இன்று நாம் ஜிபே செய்கிற மாதிரிதான், ஆனால் கென்யாவில் அது 2007லேயே வந்துவிட்டது.

இப்போது உங்களைக் கடுப்பேற்றப் போகிற பகுதி. ஆசிரியர் கையில் ஒரு சின்ன டேப்லெட். அன்றைய பாடம் முழுக்க அதில் எழுதி வந்திருக்கும். எதைப் படிக்க வேண்டும், எப்போது கரும்பலகையில் எழுத வேண்டும், எப்போது பிள்ளைகளைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று வரிக்கு வரி. அவர் அதைப் பார்த்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கத்தில் இருக்கிறார், காலையில் எத்தனை மணிக்கு டேப்லெட்டைத் திறந்தார் என்பதெல்லாம் தலைமையகத்துக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர்களில் பலர் பள்ளிப்படிப்பு முடித்து, சில வாரப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள். அதனால் சம்பளமும் குறைவு. மொத்தத் திட்டத்தின் சூட்சுமமே அதுதான்.

பில் கேட்ஸ், ஸக்கர்பெர்க் தரப்புப் பணமெல்லாம் இதில் வந்தது. அது அவர்கள் சொந்தப் பணம், அவர்கள் இஷ்டம். ஐஎஃப்சி போட்ட 1.35 கோடி டாலர் அப்படி இல்லை. அது வந்த பிறகு 'உலக வங்கியே பங்குதாரர்' என்ற பெயர் கிடைத்தது. எனக்குத் தெரிந்து பணத்தைவிட அந்தப் பெயருக்குத்தான் மதிப்பு அதிகம்.

பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள் என்று நோபல் பரிசு பெற்றவரே ஆராய்ந்து சொல்லியிருக்கிறாராமே? அதை மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?
— வாசகர், கோவை

மறைக்கவில்லை அய்யா, அடுத்து அதற்குத்தான் வருகிறேன். 2019இல் பொருளாதார நோபல் வாங்கிய மைக்கேல் கிரெமரும் மற்றவர்களும் கென்யாவில் செய்த ஆய்வு அது, 2022இல் வெளியானது. பிரிட்ஜ் பள்ளியில் சேர இரண்டு வருட உதவித்தொகைக்கு விண்ணப்பித்த குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அந்த இரண்டு வருடத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 0.9 வருடப் படிப்பு கூடுதலாகக் கற்றிருந்தார்கள். மழலையர் வகுப்பில் வித்தியாசம் இன்னும் பெரியது. இது சாதாரண முடிவு இல்லை. கல்வி ஆய்வுகளில் இவ்வளவு பெரிய முன்னேற்றத்தைப் பார்ப்பது அபூர்வம். டேப்லெட்டைப் பார்த்து வாசிப்பதைக் கேலி செய்கிறவர்கள், நானும் மேலே கொஞ்சம் செய்துவிட்டேன், இதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதோடு லைபீரியாவையும் சேர்த்துப் பாருங்கள். 2016இல் அந்த நாட்டு அரசு 93 அரசுப் பள்ளிகளைத் தனியார் அமைப்புகளிடம் நடத்தக் கொடுத்தது, பிரிட்ஜுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. முதல் வருட முடிவில் மொத்தத்தில் மதிப்பெண் உயர்ந்திருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் பதிவு செய்தது. பிரிட்ஜ் எடுத்த பள்ளிகளில் வகுப்புக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருந்ததால், கூட்டமான இடங்களில் மீதிப் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். ஒரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் வாசலில் நின்று 'இடமில்லை, போ' என்று சொல்ல முடியுமா? உள்ளே இருக்கிற பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் அளந்தால் வெளியே போன பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது.

ஏழைகளுக்கு இலவச அரசுப் பள்ளி இருக்கும்போது ஏன் பணம் கட்டிச் சேர்க்கிறார்கள்? ஏமாறுகிறார்களா?
— வாசகி, விருதுநகர்

ஏமாறவில்லை அம்மா. கென்யாவில் 2003இல் கிபாகி அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. ஒரே வருடத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் கூடுதலாக வந்து சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் அதே வேகத்தில் வரவில்லை. ஒரு அறையில் எண்பது பேர், நூறு பேர். நைரோபியின் குடிசைப்பகுதிகளில் பக்கத்தில் அரசுப் பள்ளியே இல்லாத இடங்களும் உண்டு, ஏனென்றால் அரசின் வரைபடத்தில் அந்தக் குடியிருப்பே கிடையாது. அப்புறம் அம்மா என்ன செய்வாள்? நம்மூரில் என்ன நடந்ததோ அதுதான் அங்கேயும்.

ஆனால் கட்ட முடிகிறவர்களிலும் ஒரு மாதம் தவறினால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். மூன்று பிள்ளை இருந்தால் எதை அனுப்புவது, எதை நிறுத்துவது என்ற கணக்கு வரும். எந்தப் பிள்ளை நிற்கும் என்று நீங்களே ஊகிப்பீர்கள்.

அந்தப் பள்ளிகளை உகாண்டா அரசு மூடியதாகப் படித்தேன். அது அரசியலா?
— வாசகர், சேலம்

கொஞ்சம் அரசியலும் இருந்திருக்கும். 2016இல் உயர் நீதிமன்றமே மூடச் சொன்னது, 63 பள்ளிகள். உரிமம் வாங்கவில்லை, கழிப்பறை வசதி சரியில்லை என்பது அரசின் தரப்பு. கல்வி அமைச்சர் ஜனாதிபதியின் மனைவி. உரிமம் இல்லாமல் இத்தனை பள்ளிகளைத் திறக்கும்வரை யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால் இரு தரப்புக்கும் பதில் இல்லை.

பாலியல் வன்முறை புகார் என்கிறார்களே, உண்மையா? பணம் போட்டவர்கள் என்ன செய்தார்கள்?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, தஞ்சாவூர்

உண்மை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஐஎஃப்சிக்கு எதிராகப் புகார் கொடுக்க அதற்குள்ளேயே ஒரு அமைப்பு இருக்கிறது, 1999இல் உருவாக்கியது. சிஏஓ என்பார்கள். பள்ளியின் பாதுகாப்பு, ஆசிரியர்களின் வேலை நிலைமை பற்றி 2018இல் கென்ய மனித உரிமை அமைப்பு ஒன்று பெற்றோர், ஆசிரியர் சார்பில் அங்கே புகார் கொடுத்தது. அதை விசாரிக்க சிஏஓ ஆட்கள் 2020 தொடக்கத்தில் நைரோபி போனார்கள். போன இடத்தில் ஆசிரியர்கள் குழந்தைகளிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டதாக வேறு தகவல்கள் காதில் விழுந்தன. யாரும் எழுதிக் கொடுக்காமலேயே தாங்களாகத் தனி விசாரணை தொடங்கினார்கள்.

2022 மார்ச்சில் ஐஎஃப்சி தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. விசாரணை அப்போது முடியவில்லை. 2023இல் விஷயம் பத்திரிகைகளுக்குக் கசிந்து, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி எழுப்பி, கடைசியில் 2024 மார்ச்சில்தான் அறிக்கை வெளியே வந்தது. குழந்தைகளுக்குப் பாலியல் ஆபத்து இருக்கிறதா என்று முதலீட்டுக்கு முன்னாலும் ஐஎஃப்சி ஒழுங்காகப் பார்க்கவில்லை, பின்னாலும் கண்காணிக்கவில்லை என்பது அதன் சாரம். உலக வங்கித் தலைவர் அஜய் பங்கா வருத்தம் தெரிவித்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவ, மனநல உதவி கிடைக்கக் கென்யாவில் ஒரு திட்டத்துக்குப் பணம் கொடுப்பதாக முடிவானது. நேரடி இழப்பீடு வேண்டும் என்று அவர்கள் தரப்பில் கேட்டார்கள், அது அந்தத் திட்டத்தில் இல்லை.

இப்படிப்பட்ட குற்றம் அரசுப் பள்ளியில் நடக்காதா என்று யாராவது கேட்பீர்கள். நடக்கிறது, கென்யாவிலும் நடக்கிறது, இங்கேயும் நடக்கிறது. ஆனால் அரசுப் பள்ளியில் நடந்தால் போலீஸ், கல்வி அதிகாரி, சட்டசபை, தேர்தல் என்று யாரிடம் போய்ச் சத்தம் போடுவது என்று அந்த அம்மாவுக்கு ஓரளவு தெரியும். முகுருவில் காய்கறி விற்கிற ஒரு பெண் வாஷிங்டனில் ஒரு புகார்ப் பெட்டி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? தன் பிள்ளையின் பள்ளியில் உலக வங்கிக்குப் பங்கு இருக்கிறது என்பதே அவளுக்கு யார் சொல்லித் தெரியும்? பொதுப்பணம் என்றால் கேள்வி கேட்கும் உரிமையும் அதோடு வர வேண்டும். இங்கே பணம் மட்டும் போனது. எனக்கு இந்த விவகாரத்தில் ஆறாமல் இருப்பது இதுதான், மதிப்பெண் கூடியதா குறைந்ததா என்பது அதற்கு அப்புறம்.

நான் செவிலியர். ஆஸ்பத்திரிகளிலும் இதே கதைதானா?
— வாசகி, நாகர்கோவில்

கதை அதே, பணம் போகும் வழி இன்னும் சுற்று சகோதரி. ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கொடுப்பதைவிட, ஒரு முதலீட்டு நிதியத்துக்குக் கொடுப்பார்கள். நிதியம் பல நாடுகளில் ஆஸ்பத்திரிகளை வாங்கும். துபாயின் அப்ராஜ் குழுமம் அப்படி 100 கோடி டாலரில் ஒரு ஹெல்த் ஃபண்ட் தொடங்கியது. ஐஎஃப்சி, பிரிட்டனின் சிடிசி, பிரான்சின் புரோபார்கோ, கேட்ஸ் அறக்கட்டளை எல்லாரும் அதில் பணம் போட்டார்கள். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் சாமானியருக்கு ஆஸ்பத்திரி என்று பேச்சு. போட்ட பணம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எங்கே நிற்கிறது என்று கேட்ஸ் அறக்கட்டளை கணக்குக் கேட்க ஆரம்பித்ததில் நூல் பிரிந்து, 2018இல் அப்ராஜ் கம்பெனியே கவிழ்ந்தது. அதன் நிறுவனர் 2019இல் லண்டன் விமான நிலையத்தில் கைதானார். ஹெல்த் ஃபண்டை டிபிஜி என்ற அமெரிக்க நிறுவனம் எடுத்து, எவர்கேர் என்று பெயர் மாற்றியது.

அந்த நிதியத்தின் கையில் இருந்தவற்றில் ஒன்று நைரோபி விமன்ஸ் ஹாஸ்பிடல். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இலவச சிகிச்சை கொடுக்கும் மையத்தால் கென்யாவில் நல்ல பெயர் எடுத்த இடம் அது. 2020 பிப்ரவரியில் அதன் நிர்வாகிகளின் வாட்ஸ்அப் குரூப் செய்திகள் என்று சில வெளியாயின. இன்று எத்தனை அட்மிஷன், இலக்கு எத்தனை, டிஸ்சார்ஜைக் குறைக்க வேண்டும் என்ற ரீதியில். தலைமை அதிகாரி ஒதுங்கி நிற்க, விசாரணை நடந்தது. வார்டில் நிற்கிறவர் நீங்கள், இன்று வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிற நோயாளியை நாளை வரை வைத்திருந்தால் யார் கணக்கில் எது ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு 2023இல் இதைப் பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டது. பில் கட்டாதவரை நோயாளியை வெளியே விடாமல் வைப்பது, பிணத்தைக் கொடுக்க மறுப்பது எல்லாம் அதில் வருகிறது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. பிரசவித்த பெண்களைப் பணம் கட்டாததற்காகப் பிடித்து வைத்தது சட்டவிரோதம் என்று கென்ய உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்ததே, அது நைரோபியின் பும்வானி மகப்பேறு மருத்துவமனை பற்றிய வழக்கு. பும்வானி அரசு ஆஸ்பத்திரி. அந்தச் சம்பவங்கள் நடந்தபோது அங்கே பிரசவத்துக்குக் கட்டணம் இருந்தது. கட்டணம் எங்கே இருக்கிறதோ அங்கே வாசலில் காவலாளியும் இருப்பார், போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும். 2013இல் கென்யா அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தை இலவசமாக்கியது.

லெசோத்தோ என்று ஒரு நாட்டை ஒரே ஆஸ்பத்திரி கடனாளி ஆக்கியதாக வாட்ஸ்அப்பில் வந்ததே?
— வாசகர், திருநெல்வேலி

கடனாளி என்பது வாட்ஸ்அப் மசாலா. ஆனால் நெருப்பில்லாமல் புகையவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் இருக்கும், சுமார் 20 லட்சம் பேர் வாழும் மலைநாடு. தலைநகர் மசேருவின் பழைய அரசு ஆஸ்பத்திரி பாழடைந்து கிடந்தது. ஐஎஃப்சி ஆலோசனை சொல்ல, தென்னாப்பிரிக்காவின் நெட்கேர் தலைமையிலான கூட்டமைப்புடன் அரசு 2008இல் 18 வருட ஒப்பந்தம் போட்டது. 425 படுக்கையோடு புது ஆஸ்பத்திரி 2011இல் திறந்தது. கட்டுமானக் கடனில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் அரசு வளர்ச்சி வங்கியிடமிருந்து.

ஆஸ்பத்திரி நன்றாகவே நடந்தது. பழையதோடு ஒப்பிட்டால் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைந்தது என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. சிக்கல் ஒப்பந்தத்தில். வருடத்துக்கு 20,000 உள்நோயாளிகள், 3,10,000 வெளிநோயாளிகள் வரை ஒரு தொகை. அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு தலைக்கும் அரசு தனியாகக் கொடுக்க வேண்டும். நல்ல ஆஸ்பத்திரி என்று தெரிந்தால் மலை இறங்கி ஜனம் வராதா? வந்தது, பில்லும் வந்தது. நாட்டின் மொத்த சுகாதார பட்ஜெட்டில் 51 சதவீதத்தை இது ஒன்றே விழுங்குகிறது என்று ஆக்ஸ்ஃபாம் 2014இல் சொன்னது. உலக வங்கித் தரப்பு அவ்வளவு இல்லை என்று மறுத்தது. பாதியோ மூன்றில் ஒரு பங்கோ, மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டிய பணம்தான் அது. 2021இல் அரசுச் செவிலியர் அளவுக்குச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்த 345 செவிலியர்களை ஒரேயடியாக வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த வருடமே அரசு ஒப்பந்தத்தை முறித்து ஆஸ்பத்திரியைத் தன் கையில் எடுத்தது, 18 வருடம் முடிய இன்னும் பல வருடம் இருக்கும்போதே.

இதெல்லாம் ஆப்பிரிக்கக் கதை. நமக்கு என்ன சம்பந்தம்?
— வாசகர், சென்னை

சென்னைக்காரர் கேட்கிற கேள்வியா இது! அப்போலோவிலேயே ஐஎஃப்சி முதலீடு செய்திருக்கிறது. ஐஎஃப்சி அதிகம் பணம் போடும் நாடுகளில் இந்தியா முன்வரிசை. இன்னொரு பக்கம் இதே உலக வங்கிக் குழுமத்தின் மற்றப் பிரிவு 2019இல் தமிழ்நாடு அரசுக்கு, அரசு ஆஸ்பத்திரிகளின் தரத்தை உயர்த்த 28.7 கோடி டாலர் கடன் கொடுத்தது. இது வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன், தானம் இல்லை. ஆனால் கணக்கு சட்டசபைக்கு வரும், தணிக்கைக்கு வரும், ஒரு எம்.எல்.ஏ. எழுந்து கேட்கலாம்.

அப்புறம், ஐஎஃப்சி மேல் வழக்கே போட முடியாது என்றிருந்த நிலையை அசைத்ததும் நம் நாட்டு மீனவர்கள்தான். குஜராத் முந்த்ரா அனல்மின் நிலையத்துக்கு ஐஎஃப்சி கொடுத்த கடனை எதிர்த்து அவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். ஐஎஃப்சிக்கு முழு விலக்கு கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. அதன் பிறகு கீழ் நீதிமன்றங்களில் அவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம், ஆனாலும் கதவில் ஒரு விரிசல் விழுந்தது.

கடைசியில் என்ன ஆனது? பிரிட்ஜ் மூடிவிட்டார்களா?
— பலர்

மூடவில்லை. பீஸ் வாங்கும் பள்ளிகளில் இனி முதலீடு செய்ய மாட்டோம் என்று ஐஎஃப்சி 2022இல் அறிவித்தது. ஆஸ்பத்திரிகளுக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. பிரிட்ஜின் தாய்க் கம்பெனி நியூகுளோப் என்ற பெயரில் வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டது. பெற்றோரிடம் வாங்குவதைவிட அரசாங்கங்களோடு ஒப்பந்தம் போடுவதில்தான் அதற்கு இப்போது கவனம். நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் 2018இல் தொடங்கி அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கையிலேயே அந்த டேப்லெட். பிள்ளைகளுக்குப் பீஸ் கிடையாது. அந்த மாநிலத்தின் கல்வித் திட்டத்துக்கு உலக வங்கி 7.5 கோடி டாலர் கடன் கொடுத்திருக்கிறது, இந்த முறை அரசுக்கு. கும்பகோணம் டீச்சருக்கு டேப்லெட் பிடிக்காது, எனக்கும் ஆசை இல்லை, ஆனாலும் பழைய ஏற்பாட்டைவிட இது தேவலை என்பேன், அந்த ஒப்பந்தத்தையும் ஒரு பிள்ளைக்குக் கம்பெனிக்கு எவ்வளவு போகிறது என்பதையும் எடோவில் இருக்கிற ஒரு சாதாரண ஆள் கேட்டு வாங்கிப் படிக்க முடியுமானால்.